சனல் நம்பர் 27: வெள்ளவத்தையில் ஒரு கிழமை

ரொறன்ரோவிலிருந்து மூன்று கிழமை லீவில் போனேன். கொழும்பில் சித்தப்பா வீட்டில் மூன்று நாள், மிச்சம் யாழ்ப்பாணம் என்று திட்டம். யாழ்ப்பாணம் போகவேயில்லை.

சித்தப்பாவுக்கு ஈரல் சிரோசிஸ், ஈரல் தழும்பேறி இறுகிப்போகிற வருத்தம். குடிக்கிற ஆளில்லை, நீரிழிவும் கொழுப்பு ஈரலும் சேர்ந்து செய்த வேலை. பார்க்க வந்த சனம் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு போனதில் சித்திக்கு இன்னும் கோபம். வயிற்றில் தண்ணீர் சேர்வது அந்த வீட்டுக்குப் பழகிவிட்டது. ஆனால் அன்று காலை தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி என்னை அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காய்ச்சல் இல்லை. வயிறு லேசாக நோகுது என்றார்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணினோம், அதாவது ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைப் பார்க்க நம்பர் எடுத்தோம். நம்பர் 27. ஐந்து மணிக்கு வர வேண்டிய டொக்டர் எட்டரைக்கு வந்து, நாலு நிமிடம் பார்த்து, மூத்திரம் போகிற குளிசையைக் கூட்டி எழுதிவிட்டு அனுப்பினார். வயிற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்க்கவில்லை.

விடிய சித்தப்பாவை எழுப்ப முடியவில்லை. 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது, ஒரு சதமும் கேட்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி வார்ட்டில் கட்டில்களுக்கு நடுவே நிற்கவும் இடமில்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் ஒரு இளம் டொக்டர் வந்து, விறைப்பு ஊசி போட்டு, அடிவயிற்றின் இடப்பக்கத்தால் தண்ணீர் எடுத்தா. தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டியது கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கியிருந்தது. கட்டிலடியிலேயே அதை, கிருமி வளர்த்துப் பார்க்கிற இரத்தக் கல்ச்சர் போத்தல்களுக்குள் விட்டா. அப்படிச் செய்தால்தான் கிருமி பிடிபடும் வாய்ப்புக் கூடவாம்.

"அண்ணா, சிரோசிஸ் ஆக்கள் குழம்பிக் கதைச்சா முதல்ல இந்தத் தண்ணியைத்தான் பார்க்கோணும். காய்ச்சல் வரட்டும் எண்டு இருக்கக்கூடாது."

ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரில் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு 250 இருந்தாலே மருந்து தொடங்குவார்களாம். சித்தப்பாவுக்கு 1,900. குடலில் ஓட்டை ஒன்றும் இல்லை. குடலுக்குள் இருக்கிற கிருமிதான் சுவர் தாண்டி, எதிர்ப்புச் சத்துக் குறைந்த அந்தத் தண்ணீரில் பெருகிவிட்டது. கல்ச்சர் முடிவு வரும் வரை காத்திராமல் செஃபோடாக்சிம் என்ற அன்ரிபயோட்டிக் ஊசி போட்டார்கள்.

அப்புறம் அல்புமின் என்ற இரத்தப் புரதம், நாளத்தால் ஏற்றுவது. சிறுநீரகம் படுத்துவிடாமல் இருக்க முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் கிலோவுக்கு 1 கிராம். சித்தப்பா 60 கிலோ. முதல் நாளுக்கே 10 கிராம் போத்தல் ஒன்பது வேண்டும். வார்ட்டில் நாலுதான் இருந்தது. மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு ஓட்டோவில் காலி வீதி முழுக்க பாமசி பாமசியாக ஏறி இறங்கினேன். மழை வேறு.

48 மணித்தியாலத்தில் திரும்பத் தண்ணீர் எடுத்தார்கள், எண்ணிக்கை நன்றாக இறங்கியிருந்தது. மறுபடி வராமலிருக்கத் தினமும் ஒரு அன்ரிபயோட்டிக் குளிசையோடு வீட்டுக்கு விட்டார்கள். டிஸ்சார்ஜ் துண்டு முழுக்க இங்கிலீஷ். சித்திக்காகப் பெரிய எழுத்தில் எழுதி பிரிஜ் கதவில் ஒட்டினேன்: "குழம்பினால், வயிறு நொந்தால், மூத்திரம் குறைந்தால் சனல் வேண்டாம். 1990. தண்ணி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ."