பெட்டிக்கு மூன்று ஸ்டார், உள்ளே இருந்த மெல்லிய புத்தகத்துக்கு ஐந்து

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிற கிறிஸ்தவ அம்மாக்களுக்காக அமெரிக்காவில் தயாராகிற பாடப் பெட்டி இது. நாலு வயதிலிருந்து ஆறு வயது வரை, ஒரு வருடத்துக்குத் தேவையான எல்லாம் உள்ளே இருக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்து அம்மாக்கள் வாங்கியதையும் புரட்டிப் பார்த்தேன், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கலாமா என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அக்கா தங்கைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். தாள் தடிமன், அச்சு தெளிவு, நாலு வயதுக்காரன் இழுத்த இழுப்புக்குக் கிழியவில்லை. கணக்குக்கு வருகிற மரக்கட்டைகள் அருமை. பத்துக் கட்டைகளை ஒட்டிவைத்தால் ஒரு நீளக் கட்டையின் அளவு வரும், அதைப் பிள்ளை கையால் செய்துபார்க்கிறபோது பத்து என்பது என்ன என்று நாம் விளக்க வேண்டியதே இல்லை. எழுத்தின் ஒலியைச் சொல்லி ஆங்கிலம் வாசிக்க வைக்கிற சின்னப் புத்தகங்களும் நன்றாக இருக்கின்றன. தமிழ்? ஒரு எழுத்துகூடக் கிடையாது, எதிர்பார்க்கவும் முடியாது. அதற்கு நம் தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கி, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டால் போதும். என் பெரியவன் பெட்டியை விட அதைத்தான் அதிகம் தூக்கிக்கொண்டு திரிகிறான்.

சிக்கல் ஆசிரியர் கையேட்டில் தொடங்குகிறது. காலை எட்டரைக்கு வேதபாடம், ஒன்பதுக்கு வாசிப்பு, ஒன்பதே முக்காலுக்குக் கணக்கு என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் எட்டரைக்குத்தான் தண்ணீர் வரும். குடத்தை வைத்துவிட்டு வேதபாடத்துக்கு உட்கார்ந்தால் சின்னவள் பால் கேட்டு அழுவாள், அதற்குள் குடம் நிரம்பி வழியும். இந்தக் கட்டத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, தினமும் பாதியில் நின்றுபோனதைப் பார்த்துப் பார்த்து, 'நமக்கு இது ஆகாது' என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்ட ஒரு தங்கையை எனக்குத் தெரியும். பள்ளியில் சேர்ப்பது தவறே இல்லை, நல்ல பள்ளிகள் இங்கே இருக்கின்றன. ஆனால் ஒரு அச்சிட்ட தாள் 'உனக்குத் திறமை போதாது' என்று சொல்லி அவளை அந்த முடிவுக்குத் தள்ளியதுதான் எனக்கு ஆறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சார்லட் மேசன் முறை என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 1842 முதல் 1923 வரை வாழ்ந்தவர் அவர், இங்கிலாந்தில் பணிபுரிந்த கிறிஸ்தவக் கல்வியாளர். ஆறு வயதுக்கு முன்னால் முறையான பாடமே வேண்டாம், வெளியே விடுங்கள் என்றவர். அதற்கு மேல் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது, கேட்ட கதையைப் பிள்ளையே திருப்பிச் சொல்லட்டும் என்றவர். அவர் பெயரைப் போட்டுக்கொண்டு நாலு வயதுக்கு நாலு மணி நேர அட்டவணை! ஆகவே, உங்கள் குட்டிப்பயல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு கதை கேட்டு, அதை அரைகுறையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மணலில் விளையாடப் போய்விட்டான் என்றால் அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாக.

அடுத்தது பருவகாலப் பாடம். பனிமனிதன் செய்வது, மேபிள் இலை சேகரிப்பது, ராபின் குருவி. சிவகங்கை மாவட்ட வெயிலில் பனிமனிதனைப் பஞ்சில்தான் செய்ய வேண்டும். அந்தப் பக்கங்களை அப்படியே புரட்டித் தள்ளிவிட்டு மழைக்காலம் முடிகிற சமயத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குக் கூட்டிப்போங்கள். 1977இலிருந்து அது பறவைகள் சரணாலயம். கண்மாய்க்குள் நிற்கிற மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகப் பக்கத்துக் கிராமத்தார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதைக் கேட்டுவிட்டு என் மகன் வழியெல்லாம் 'அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அழுகை வராதா?' என்று கேட்டுக்கொண்டே வந்தான். கர்த்தர் படைத்ததைப் பாதுகாப்பது பற்றிக் கையேட்டில் ஒரு வாரத்துக்குப் பாடம் இருக்கிறது, எங்களுக்கு அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் பேசியாகிவிட்டது.

கைவேலைத் தாள்களுக்குப் பதில் ஆத்தங்குடி. தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிற பட்டறைகளில் கேட்டால் பிள்ளைகளை நின்று பார்க்க விடுகிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்குகிறார்கள். கோடு கலைவதில்லை. அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணல், பிறகு ஈரக் கலவை. சூளையில் சுடுவதே கிடையாது, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள், கண்ணாடியை எடுத்தால் அந்தப் பளபளப்பு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மகன் கோலமாவில் அதே வேலையைச் செய்யப் பார்த்து வளவு முற்றம் முழுக்க மாவாக்கியது தனிக்கதை.

மிஷனரிகள் பற்றிய படப் புத்தகத்தில் ஏமி கார்மைக்கேல் வருகிறார். 1895இல் இந்தியா வந்து, 1951இல் இறக்கும்வரை திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் குழந்தைகளுக்காக உழைத்தவர். சந்தோஷமாகத் திறந்தால் டோனாவூர் என்று யானையும் புலியும் நிற்கிற காட்டை வரைந்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பக்கத்து ஓரியூரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 1693இல் அங்கே தலை வெட்டப்பட்ட அருளானந்தரை, அதாவது கத்தோலிக்கப் புனிதர் ஜான் டி பிரிட்டோவை, நாங்கள் சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை) என்றாலும் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவேனா? கதையைச் சொன்னேன், அங்கேயே கூட்டிப்போயும் காட்டினேன்.

சரி, ஐந்து ஸ்டார் எதற்கு? பெட்டியின் அடியில் அம்மாவுக்கென்று ஒரு மெல்லிய தியானப் புத்தகம் கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு பக்கம்தான். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபித்து எல்லாவற்றையும் சாதித்த தாயைக் காட்டி நம்மைக் குறுகவைக்கிற எழுத்து இதில் இல்லை. ஏசாயா 40:11 வருகிற பக்கம் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்." பால் கொடுக்கிற ஆட்டின் நடைக்குத் தக்கபடிதான் மேய்ப்பன் நடக்கிறார் என்று நாலே வரியில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் ஆடு மேய்ப்பதைப் பார்த்திருப்பாரோ என்னவோ, நாம் பார்த்திருக்கிறோம். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட வருகிற கீதாரிகள் ரோட்டோரமாக மந்தையை ஓட்டிப்போகையில், அன்றைக்குப் பிறந்த குட்டியைத் தோளில் போட்டிருப்பார்கள், தாய் ஆடு கத்திக்கொண்டே அவர் காலை ஒட்டி வரும், பின்னால் ஹாரன் அடிக்கிற பஸ்ஸுக்காக அவர் அந்த ஆட்டை விரட்டுவதில்லை. அதைக் காட்டி வசனத்தைச் சொன்னேன், மகன் உடனே 'அப்ப பாப்பா குட்டி, நீங்க அந்த ஆடா?' என்றான். ஆமாம்டா என்றேன்.

எதிர்வீட்டு ஆச்சி வாரத்துக்கு ஒருமுறையாவது 'ஏன்த்தா, பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலையா?' என்பார். மாமியார் நேரடியாகக் கேட்கமாட்டார், பேரனிடம் 'அப்பத்தாவுக்கு ஏபிசிடி சொல்லுய்யா' என்று சோதிப்பார். இதற்கெல்லாம் பெட்டியில் பதில் இல்லை, நாம்தான் வைத்திருக்க வேண்டும். 'பின்னால் பரீட்சை?' என்று கேட்டால் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ், இருக்கிறது என்று சொல்லுங்கள். மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குச் சமமான நிலைகள் அதில் உண்டு, பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பும் எழுதலாம். நாலு வயதுப் பிள்ளையின் அம்மா அதை நினைத்து இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலை கடுமை. அனுப்புக்கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் கண்ணைக் கட்டுகிறது. முழுப் பெட்டியாகப் புதிதாய் வாங்காதீர்கள், யாராவது முடித்துவிட்டுக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள், கட்டைகளும் வாசிப்புப் புத்தகங்களும் கிடைத்தால் போதும். அந்தத் தியானப் புத்தகத்தை மட்டும் தனியாகவும் விற்கிறார்கள், அதை யோசிக்காமல் வாங்கலாம். ஆங்கிலம் எளிதுதான், வாசிக்கத் தடுமாறுகிற அக்காமார் இருந்தால் சொல்லுங்கள், வாரா வாரம் அந்தப் பக்கத்தின் சாரத்தைத் தமிழில் வாய்ஸ் நோட்டாக அனுப்புகிறேன். பின்னணியில் சின்னவள் அழுகிற சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.