பிகோ-8 வாங்கலாமா? நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு லேப்டாப் ரொம்ப பழசு, கேம் செய்யுற பெரிய சாஃப்ட்வேர் எதப் போட்டாலும் ஃபேன் கத்திக்கிட்டே நின்னுடும், மழை வந்தா இன்டர்நெட் லைனும் போய்டும். அக்கா பொண்ணுக்கு 11 வயசு, "மாமா நானே கேம் செய்யணும்"னு புடிவாதம், அவளுக்காகத்தான் பிகோ-8ங்குற சின்ன கேம் செய்யுற சாஃப்ட்வேர வாங்குனேன். விலை 14.99 டாலர், நம்ம காசுக்கு ஏறக்குறைய 60 வெள்ளி, ஒரு தடவ கட்டுனா போதும், இறக்குன பிறகு லைனே வேணாம்.

அந்தக் காலத்து கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கும், ஆனா அப்படி ஒரு மிஷின் எங்கயும் இருந்ததில்ல, கற்பனையா செஞ்சது. ஸ்கிரீன் 128க்கு 128 புள்ளி, கலர் 16, புரோகிராம் கோடு லுவாங்குற மொழியில, அதுவும் 8192 டோக்கனுக்குள்ள (கோடுல வர்ற சொல்லு, நம்பர், குறிய எண்ணுற கணக்கு) முடிக்கணும். இந்தக் கட்டுப்பாடுதாங்க எனக்கு ரொம்ப புடிச்சது, ஏன்னா பிள்ளைங்க ஆரம்பிச்சத முடிக்கிறாங்க. மலை ஏறுற செலஸ்ட்ங்குற கேம் கூட 2015ல ரெண்டு பேரு 4 நாள்ல இதுல செஞ்ச சின்ன கேம்தான், பெரிய கேமா வந்தது 2018ல.

பாப்பாவோட தாத்தா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல வேல செஞ்சவரு, அதனால உதிரிப்பழம் பொறுக்குற கேம்தான் வேணுமாம். 8க்கு 8 கட்டத்துல ஒரு பழம் வரைய ஒரு சாயங்காலம் பூரா உக்காந்தா, 8ஆம் நம்பர் கலர் செவப்பு, 9 ஆரஞ்சு, நுனியில மட்டும் கருப்பு, தாத்தா கண்ணாடி போட்டு பாத்துட்டு "இது நல்லா பழுத்தது"ன்னாரு. தமிழ் எழுத்து உள்ள கெடையாது, ஜப்பான் எழுத்து இருக்கு, நமக்கு இல்ல, அது வருத்தம்தான். "செம்பனை"ய அவளே படமா வரைஞ்சா, "னை"க்கு மட்டும் ரெண்டு கட்டம் ஆச்சு.

கேமை .p8.png னு பேர் போட்டு சேவ் பண்ணா கார்ட்ரிட்ஜ் மாதிரி படம் ஒன்னு வரும், கோடு, படம், மியூசிக் எல்லாம் அந்தப் படத்தோட புள்ளிங்களுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். இது தெரியாம நான் போன்ல போட்டோவா அனுப்புனேன், அது படத்த அமுக்கி அனுப்புனதுல உள்ள இருந்த கேம் போயிடுச்சு. டாக்குமெண்டா அனுப்புங்க, அப்பதான் ஓடும். பிகோ-8 இல்லாதவங்களுக்கு வெப் பக்கமா எக்ஸ்போர்ட் பண்ணிக் குடுக்கலாம்.

காசு கஷ்டம்னா இதே மாதிரி இன்னொன்னு, டிக்-80, ஃப்ரீ, ஸ்கிரீனும் 240க்கு 136னு அகலம். பிகோ-8லயே ப்ரவுசர்ல ஓடுற ஃப்ரீ கல்விப் பதிப்பு இருக்கு, பிள்ளைக்குப் புடிக்குதான்னு அதுல பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.

இப்ப கேம்ல மழை பெய்யணுமாம், பழம் தண்ணியில உருண்டு ஓடணுமாம். டோக்கன் இன்னும் 6000க்கு மேல மிச்சம் இருக்கு.