உலக ஸ்டீல் கணக்கு ஃப்ரீ பிடிஎஃப்: கண்டிப்பா வாங்கி வைங்க, ஆனா டேபிள்ல இந்தியாவுக்கு போட்டிருக்குறத நிதானமா படிங்க

ப்ரசெல்ஸ்ல இருக்குற வேர்ல்ட் ஸ்டீல் அசோசியேஷன் வருஷா வருஷம் போடுற 'வேர்ல்ட் ஸ்டீல் இன் ஃபிகர்ஸ்' பத்தி தான் இந்த ரிவ்யூ. சின்ன புக்லெட் தான், காசே இல்லாம டவுன்லோட் பண்ணலாம், எந்த நாடு எவ்ளோ உருக்குது, எவ்ளோ யூஸ் பண்ணுது, யார் யாருக்கு விக்குறாங்கன்னு எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. கம்பி வியாபாரம் பண்றவங்க, ஸ்டீல் ஷேர் வச்சிருக்கவங்க, எக்கனாமிக்ஸ் படிக்கிற பசங்க எல்லாருக்கும் உபயோகமான ஒண்ணு.

2024ல உலகம் முழுக்க உருக்குன ஸ்டீல் சுமார் 188 கோடி டன், அதுல சீனா மட்டும் 100 கோடி. நம்ம இந்தியா கிட்டத்தட்ட 15 கோடி டன்னோட ரெண்டாவது இடம், 2018லயே ஜப்பான தாண்டியாச்சு.

எனக்கு ரொம்ப பிடிச்சது வருஷத்துக்கு தலைக்கு எத்தன கிலோ ஸ்டீல் யூஸ் ஆகுதுங்குற டேபிள் தான். தென் கொரியா ஆயிரம் கிலோவ ஒட்டி நிக்குது, உலக சராசரி 200க்கு மேல, நாம சுமார் 100. ஆனா கொரியாக்காரன் வீட்டுக்குள்ள அவ்ளோ இரும்பு இருக்குன்னு அர்த்தம் இல்ல, அங்க கட்டுற கப்பலும் காரும் வெளிநாட்டுக்கு போயிடுது, இந்த டேபிள் கணக்குல அந்த இரும்பு கொரியா யூஸ் பண்ணதாவே நிக்கும், ஏன்னா உற்பத்தியோட இறக்குமதிய கூட்டி ஏற்றுமதிய கழிக்கிறப்ப ஸ்டீலா போனத மட்டும் தான் கழிப்பாங்க, காரா போனத இல்ல. இத தெரிஞ்சுக்காம நாடுகள ஒப்பிட்டு பேசாதீங்க ப்ளீஸ்.

அடுத்தது தான் முக்கியம். எந்த நாடு எந்த மாதிரி உலைல உருக்குதுன்னு ஒரு டேபிள் இருக்கும், அதுல இந்தியாவுக்கு எலெக்ட்ரிக் உலை, அதாவது கரெண்ட்ல உருக்குறது, பாதிக்கு மேல வரும். உடனே 'அமெரிக்கா மாதிரி நாமளும் க்ளீன்'னு போஸ்ட் போடுறவங்கள பாத்தா வருத்தமா இருக்கு. அமெரிக்கால எலெக்ட்ரிக் உலைக்கு போறது பெரும்பாலும் பழைய இரும்பு, ஸ்க்ராப். நம்ம ஊர்ல இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (காந்தப்புலத்தால சூடாக்குற இன்னொரு வகை கரெண்ட் உலை) நிறைய, அதுல ஸ்க்ராப்போட ஸ்பாஞ்ச் அயர்னும் (தாதுவ உருக்காமலே அதுல இருந்து எடுக்குற இரும்பு) போகுது, அந்த ஸ்பாஞ்ச் அயர்ன்ல பெரும்பங்கு நிலக்கரி வச்சு பண்றது. கரெண்ட்ல உருக்குனாலும் புகை அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. இந்த டேபிள்ல அமெரிக்கா மாதிரி உலையும் நம்ம இண்டக்ஷன் உலையும் 'எலெக்ட்ரிக்'னு ஒரே தலைப்புக்குள்ள போயிடுறது எனக்கு பெரிய குறையா படுது.

அத பிரிச்சு பாக்கணும்னா கொல்கத்தால இருக்குற ஜேபிசி டேட்டா தான், அதாவது ஜாயிண்ட் ப்ளாண்ட் கமிட்டி. 1964ல விலையும் ஒதுக்கீடும் பாக்க ஆரம்பிச்சது, 1992ல கட்டுப்பாடு போனதும் இப்ப புள்ளிவிவரம் தான் முக்கிய வேலை. முழு ரிப்போர்ட்டுக்கு காசு கட்டணும், ஆனா ஸ்டீல் அமைச்சகம் சைட்டுல மாசாந்திர சுருக்கம் சும்மாவே கிடைக்கும்.

ஒண்ணு கவனிங்க, ப்ரசெல்ஸ் கணக்கு ஜனவரி டு டிசம்பர், ஜேபிசி ஏப்ரல் டு மார்ச். இந்தியா உற்பத்தி 2023க்கு 14 கோடி டன், 2023-24க்கு 14.4 கோடி டன்னு வந்தா ரெண்டும் சரி தான். அதே மாதிரி உருக்கி கெட்டியானதும் கிடைக்குற க்ரூட் ஸ்டீல் வேற, அத கம்பி, தகடுன்னு உருட்டி எடுக்குற ரோலிங் முடிஞ்ச ஃபினிஷ்டு ஸ்டீல் வேற, உற்பத்திய க்ரூட்ல எடுத்து நுகர்வ ஃபினிஷ்டுல எடுத்து கழிச்சு 'மிச்சம் இவ்ளோ'ன்னு சொன்னா அது தப்பு கணக்கு, அப்படி கழிச்சா மிச்சம் காட்டுற 2023-24லயே நாம ஃபினிஷ்டு ஸ்டீல ஏற்றுமதி பண்ணத விட இறக்குமதி பண்ணது தான் ஜாஸ்தி.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அரை மார்க் குறைச்சது அந்த உலை டேபிளுக்கு.