ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: புதிதாக ஆட வருகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் செட்டில் வருடக்கணக்காக ஓடும் கணினி விளையாட்டு இதுதான்: ஊரை வளர்த்து, படை திரட்டி, எதிராளியை வீழ்த்த வேண்டும். 1999-இல் வெளிவந்தது, நாங்கள் ஆடுவது 2019 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு. பொள்ளாச்சியிலிருக்கும் சித்தப்பா பையன்கள், பாலக்காட்டிலிருக்கும் மலையாளி நண்பர்கள் என்று யார் புதிதாக வாங்கினாலும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

எங்கிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் எல்லோரும் நேராகத் திராவிடர்களிடம் போய் நிற்பார்கள். 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் வந்த நாகரிகம் (நாம் தேர்ந்தெடுத்து ஆடும் அணி) அது. உறுமி என்ற சுருள்வாள் வீசும் காலாட்படை, திரிசடைக் கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை வைத்து ஒரு கேம்பெய்ன், அதாவது கதையாகத் தொடரும் ஆட்டம். ஆசை வராமல் இருக்குமா? (சேரனும் இதில் அடக்கம், அதனால் பாதி எங்களுடையது என்று பாலக்காட்டு நண்பன் பங்கு கேட்பான்.) ஆனால் திராவிடர்களுக்கு நைட் எனும் கனரகக் குதிரைப்படை கிடையாது. தரை வரைபடத்தில் நடு ஆட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதே பெரும்பாலும் அந்தக் குதிரைதான். அது இல்லாமல் சமாளிக்கும் வித்தை பிறகு வரட்டும். முதலில் ஃப்ராங்க்ஸ் என்ற நாகரிகத்தை எடுங்கள். அவர்களுடைய குதிரைகளுக்கு உயிர் 20 சதவீதம் கூடுதல், பண்ணை மேம்பாடுகள் இலவசம். கை தடுமாறினாலும் தாக்குப்பிடிக்கும்.

அடுத்து, சண்டையை மறந்துவிடுங்கள். புதியவர்கள் தோற்பது போர்க்களத்தில் இல்லை, முதல் பத்து நிமிடத்தில் ஊருக்குள்ளேயே தோற்றுவிடுகிறார்கள். உணவும் மரமும் சேர்க்கும் தொழிலாளிதான் வில்லேஜர்; அவரை உருவாக்குவது ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. டவுன் சென்டர் சும்மா நிற்கும் ஒவ்வொரு 25 விநாடிக்கும் எதிராளியைவிட ஒரு ஆள் குறைவு, அந்த ஆள் ஆட்டம் முடியும்வரை வெட்டித் தரும் மரமும் குறைவு. ஆகவே வரிசையில் எப்போதும் ஒரு வில்லேஜர் இருக்கட்டும். தொடக்கத்தில் மூன்று வில்லேஜர், வேவு பார்க்க ஒரு ஸ்கவுட், ஆக நாலு பேர். டவுன் சென்டர் தாங்குவது ஐந்து பேரை. அதனால் ஆட்டம் தொடங்கியதும் வீடு கட்டியாக வேண்டும். ஒரு வீட்டுக்கு 25 மரம், ஐந்து பேருக்கு இடம். வீடு போதாமல் உற்பத்தி நின்றுபோவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முதல் ஆறு பேரை ஆட்டுக்கு விடுங்கள். ஆடுகளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும்; எல்லாவற்றையும் மொத்தமாக அறுத்தால் இறைச்சி அழுகி வீணாகும். அடுத்த நாலு பேர் மரத்துக்கு. அதற்கடுத்தவர் காட்டுப்பன்றியை அடித்து, தன்னைத் துரத்தவிட்டு, டவுன் சென்டர் அருகே இழுத்து வர வேண்டும். ஒரு பன்றியில் 340 உணவு, ஒரு ஆட்டில் 100தான். பயந்து பன்றியை விட்டுவிடுகிறவர்கள் ஆட்டத்தின் அடுத்த கட்டமான ஃபியூடல் காலத்துக்குப் போகத் தேவையான 500 உணவுக்குத் திண்டாடுவார்கள். புள்ளி விசையை அழுத்தினால் வேலையில்லாமல் நிற்கும் வில்லேஜரைக் காட்டும், எச் விசை டவுன் சென்டருக்குக் கொண்டுபோகும். இரண்டும் விரலில் பழகினாலே ஆட்டம் பாதி மாறிவிடும்.

படை விஷயத்தில் ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்: குதிரைப்படையை எதிர்க்க ஈட்டி வீரன், வில்லாளிகளை எதிர்க்க ஸ்கிர்மிஷர் என்ற எறியீட்டி வீரன். இரண்டுக்கும் தங்கம் வேண்டாம், உணவும் மரமும் மட்டுமே. எதிராளி என்ன கட்டுகிறான் என்று ஸ்கவுட்டை அனுப்பிப் பார்க்காமல் படை எடுப்பது வீண்செலவு.

கேம்பெய்ன்கள் கதைக்கு நல்லவை; ஆடக் கற்றுக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். அதற்கு ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிப் பகுதி இருக்கிறது. பொருளாதாரத்தை எப்படித் தொடங்குவது, ஃபியூடலுக்கு அடுத்த காசில் காலத்துக்கு எப்படி விரைவது என்று தனித்தனியாகப் பழக்கி, வேகத்தைப் பொறுத்துப் பதக்கம் கொடுக்கும். எல்லாவற்றிலும் வெள்ளி வாங்கிவிட்டுக் கணினியோடு மோதுங்கள். மாடரேட் நிலையை அலுங்காமல் ஜெயிக்க முடிந்தால் ஹார்டுக்குப் போகலாம். எக்ஸ்ட்ரீம் உட்பட எந்த நிலையிலும் இந்தப் பதிப்பின் கணினி திருட்டுத்தனமாகக் கூடுதல் வளம் எடுத்துக்கொள்வதில்லை. அதனால் தோற்றாலும் ரீப்ளே போட்டு, அது எப்போது எத்தனை வில்லேஜர் வைத்திருந்தது என்று பார்த்துக் கற்கலாம்.

அப்புறம் ஆன்லைன் ரேங்க் ஆட்டம், அதாவது மதிப்பெண்ணுக்காக மற்றவர்களோடு மோதுவது. தொடக்க மதிப்பெண் உங்கள் உண்மையான திறமையைவிட மேலே இருக்கும், அதனால் முதல் சில ஆட்டங்களில் அடி நிச்சயம். மதிப்பெண் இறங்கிய பிறகு சரிசமமான ஆள் கிடைப்பான். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நடுவில் இணைப்பு அறுந்தால் தோல்விக் கணக்கில்தான் சேரும். மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்துவிட்டே ரேங்க் பக்கம் போங்கள். பழைய லேப்டாப் என்றால் இலவசமாகக் கிடைக்கும் உயர்தர கிராபிக்ஸ் தொகுப்பை இறக்கவே வேண்டாம், இடத்தை அடைக்கும், ஆட்டமும் இழுக்கும்.