விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்: எண்ட் கீ தெரிஞ்சவங்களுக்கு 4 ஸ்டார்

விண்டோஸோடவே ஓசியா வர்ற ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன், அதாங்க ரன்ல எம்எஸ்டிஎஸ்சின்னு அடிச்சா வருமே அந்தச் சின்ன விண்டோ, இங்க உக்காந்துக்கிட்டே வேற எடத்துல இருக்கற கம்ப்யூட்டரை (அதுதான் ரிமோட் மெஷின்) ஓட்டறதுக்கு, அதப் பத்தித்தான் எழுதறேன். சர்வர் சப்போர்ட் வேலைங்கறதால தெனம் எட்டு ஒம்போது மணி நேரம் இதுக்குள்ளதான் கெடக்கறேன். சுமாரான நெட்லயும் நல்லா ஓடுது, காப்பி பேஸ்ட் ஒழுங்கா வேலை செய்யுது, அதெல்லாம் ஓகே. ஆனா புதுசா வர்றவங்க எல்லாரும் முட்டிக்கிறது ஒரே எடத்துலதான், கீபோர்டுல.

கன்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் அடிச்சா ரிமோட் மெஷின்ல வராது. ஃபுல் ஸ்கிரீன்ல இருந்தாலும் சரி, எந்த செட்டிங் போட்டாலும் சரி, உங்க முன்னாடி இருக்கற லேப்டாப்புலதான் அந்த ஸ்கிரீன் வரும். நெறைய பேர் இத பக்‌னு நெனைக்கறாங்க, இல்லங்க, வேணும்னே அப்படித்தான் வெச்சிருக்காங்க. 1981ல ஐபிஎம் பிசி வந்தப்ப இந்த மூணு கீயும் மெஷினை ரீஸ்டார்ட் பண்றதுக்கு, டேவிட் பிராட்லிங்கற ஐபிஎம் இன்ஜினியர் வெச்சது. 1993ல விண்டோஸ் என்டி வந்தப்ப அதயே லாகின் கீயா மாத்திட்டாங்க. எந்த சாதாரண புரோகிராமும் இந்த மூணு கீயை நடுவுல புடிச்சு வெச்சுக்க முடியாது, நேரா விண்டோஸோட லாகினைப் பாத்துக்கற விண்லாகானுக்குத்தான் போகும். யாராச்சும் போலியா ஒரு லாகின் ஸ்கிரீனை வரைஞ்சு வெச்சு பாஸ்வேர்டு திருடப் பாத்தா, இத அடிச்ச உடனே நெஜ ஸ்கிரீன் மேல வந்து நின்னுடும். இவ்ளோ முக்கியமான கீயை ரிமோட் டெஸ்க்டாப்பும் புடிக்க முடியாம இருக்கறதுதான் நியாயம், அதுல எனக்கு முழு சம்மதம்.

அதுக்குப் பதிலாத்தான் கன்ட்ரோல்+ஆல்ட்+எண்ட் குடுத்திருக்காங்க. இத அடிச்சா ரிமோட் மெஷினோட செக்யூரிட்டி ஸ்கிரீன் வரும், லாக், சைன் அவுட், பாஸ்வேர்டு மாத்தறது, டாஸ்க் மேனேஜர் எல்லாம் அங்க இருக்கு. என் கோவம் என்னன்னா இந்த கீயை அந்த விண்டோவுல எங்கயுமே எழுதி வெக்கல. ஃபுல் ஸ்கிரீன்ல மேல ஒரு நீலப் பட்டை வருதில்ல, அதுல ஒரு பட்டன் போதும். இதே மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வி (ஒரே மெஷினுக்குள்ள பல மெஷின் ஓட்டற சாஃப்ட்வேர்) விண்டோவுல கன்ட்ரோல்+ஆல்ட்+டெலீட்டுக்குன்னு தனி பட்டனே இருக்கு, இதுல ஏன் இல்லன்னு புரியல. அந்த ஒரு ஸ்டாரை நான் புடிச்சுக்கிட்டது இதுக்குத்தான்.

ஒரு நைட் ஷிஃப்ட்ல டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு போன் பண்ணுச்சு, "அண்ணா, பாஸ்வேர்டு நாளைக்கு எக்ஸ்பயர் ஆகுதுன்னு காட்டுது, மாத்தவே முடியல, நீங்க சொன்ன எண்ட்டும் அடிச்சுட்டேன், வேற ஏதோ சர்வர் பேர் வருது"ன்னு. அந்தப் பொண்ணு இருந்தது ஜம்ப் சர்வருக்குள்ள, அதாவது மத்த சர்வருக்கெல்லாம் போறதுக்கு வாசல் மாதிரியான சர்வருக்குள்ள போயி, அங்கேருந்து இன்னொரு சர்வர்ல. கன்ட்ரோல்+ஆல்ட்+எண்ட் மொத ரிமோட்டோட நின்னுடும், உள்ள இருக்கற ரெண்டாவதுக்குப் போகாது. நல்லவேளை அந்த ஜம்ப் சர்வர் பாஸ்வேர்டை மாத்தி வெக்கல. "உள்ள இருக்கற சர்வர்ல ரன்ல ஓஎஸ்கேன்னு அடிம்மா, கீபோர்டு ஒண்ணு ஸ்கிரீன்ல வரும், இப்ப உன் கையில இருக்கற கீபோர்டுல கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, ஸ்கிரீன்ல இருக்கற டெலீட் கீயை மவுஸால கிளிக் பண்ணு"ன்னு சொன்னேன். வந்துருச்சு. அன்னிக்கு விட்டிருந்தா அடுத்த நாள் பெரிய தலைவலி, ஏன்னா நெட்வொர்க் லெவல் ஆத்தென்டிகேஷன் (கனெக்ட் ஆகறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டை சரிபாக்கறது) போட்டிருக்கற சர்வர்ல பாஸ்வேர்டு காலாவதி ஆயிட்டா லாகின் ஸ்கிரீன் வரைக்குமே விடாது, அப்புறம் அட்மின் கையில கால்ல விழணும்.

ஆல்ட்+டேப் குழப்பம் தனி. ஷோ ஆப்ஷன்ஸ் போயி லோக்கல் ரிசோர்சஸ் டேப்ல பாத்தா கீபோர்டுன்னு ஒரு பொட்டி இருக்கும், விண்டோஸ் கீ காம்பினேஷன் எல்லாம் உங்க மெஷினுக்கா, ரிமோட்டுக்கா, ஃபுல் ஸ்கிரீன்ல மட்டும் ரிமோட்டுக்கான்னு மூணு சாய்ஸ். மூணாவதுதான் டீஃபால்ட்டா இருக்கும். சின்ன விண்டோவுல வேலை பாக்கறவங்க செட்டிங்க தொடாமயே ஆல்ட்+பேஜ் அப் அடிச்சா ரிமோட்ல விண்டோ மாறும், ஆல்ட்+ஹோம் அடிச்சா ஸ்டார்ட் மெனு. கன்ட்ரோல்+ஆல்ட்+பிரேக் அடிச்சா ஃபுல் ஸ்கிரீன் போகும், வரும். இப்ப வர்ற பல லேப்டாப்ல பிரேக் கீயே இருக்கறதில்ல, எண்ட் கீயும் பல மாடல்ல எஃப்என் கூட வலது அம்புக்குறியில ஒளிஞ்சிருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், அந்த நீலப் பட்டையை தயவுசெஞ்சு பின் பண்ணி வைங்க, எடத்தை அடைக்குதுன்னு மறைச்சிடாதீங்க. எந்த மெஷின்ல நிக்கறோம்னு அதுலதான் பேர் இருக்கும். ஃபுல் ஸ்கிரீன்ல டெஸ்க்டாப் மேல நின்னுக்கிட்டு ஆல்ட்+எஃப்4 அடிச்சா வர்ற ஷட் டவுன் பொட்டி சர்வரோடது, லேப்டாப்புன்னு நெனச்சு என்டர் தட்டிட்டா போச்சு. வேலை முடிஞ்சதும் எக்ஸ் போட்டு மூடிட்டுப் போறதும் தப்பு, அது வெறும் டிஸ்கனெக்ட், செஷன் அங்கயே உக்காந்திருக்கும். விண்டோஸ் சர்வர்ல அட்மின் வேலைக்கு ரெண்டே செஷன்தான், ரெண்டு பேர் இப்படி விட்டுட்டுப் போனா மூணாவது ஆளு வெளிய நிக்கணும். எண்ட் அடிச்சு சைன் அவுட் குடுத்துட்டுப் போங்க.

சரி, இதுக்கு ஏன் 4 ஸ்டார்? ஸ்கிரீன் ஷேர் பண்ற மாதிரியான சப்போர்ட் ஆப்புகளும் நான் யூஸ் பண்றேன், பேர் வேணாம். எதிர்ல இருக்கறவர் வெறும் யூசர் உரிமையில ஓட்டினா, பர்மிஷன் கேக்கற யுஏசி பொட்டி வந்த செகண்டு நமக்கு ஸ்கிரீன் கறுப்பாயிடும். ஏன்னா அந்தப் பொட்டி வர்றது தனி செக்யூர் டெஸ்க்டாப்புல, சாதாரண ஆப் அங்க எட்டிப் பாக்க முடியாது. போன்ல "எஸ் அமுக்குங்க சார், இடது பக்கம் சார்"னு கெஞ்சிக்கிட்டே இருக்கணும். ரிமோட் டெஸ்க்டாப்புல அந்தத் தொல்லையே கெடையாது, அது முழுசா ஒரு லாகின் செஷன்ங்கறதால அந்த ஸ்கிரீனும் அப்படியே நமக்கு வரும், ஆபீஸ் பிசியில நாம உள்ள போன உடனே அங்க மானிட்டர்ல லாக் ஸ்கிரீன் விழுந்துடும், பக்கத்து சீட்டுக்காரர் நாம செய்யறத வேடிக்கை பாக்க முடியாது. சம்பள ஃபைல் திறக்கறவங்களுக்கு இது எவ்ளோ நிம்மதின்னு அவங்களக் கேட்டாத்தான் தெரியும். வீட்டுல ஹோம் எடிஷன் வெச்சிருக்கறவங்க அதுலேருந்து வெளிய கனெக்ட் பண்ணலாம், ஆனா அதுக்குள்ள யாரும் வர முடியாது, அதுக்கு ப்ரோ வேணும். ரவுட்டர்ல ரிமோட் டெஸ்க்டாப் யூஸ் பண்ற 3389 போர்ட்டை நேரா நெட்டுக்குத் தொறந்து வெச்சுடாதீங்க, விபிஎன் போட்டு அதுக்குள்ள யூஸ் பண்ணுங்க.

இப்ப எங்க டீம்ல புதுசா யார் சேர்ந்தாலும் மொத நாளே ஒரு டெஸ்ட் சர்வர், அதுக்குள்ள இன்னொண்ணுன்னு போக வெச்சு, உள்ளேருந்து பாஸ்வேர்டு மாத்திக் காட்டச் சொல்றோம். இத மொதல்ல ஆரம்பிச்சது அந்தப் பொண்ணுதான்.