ஹெட் கேஸ்கட் இரண்டு முறை மாற்றினேன்: 58,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

என்னுடையது நாலு சிலிண்டர் டீசல் கார், இன்ஜினின் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் காற்றும் தண்ணீரும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். முதல் தடவை மாற்றிய ஹெட் கேஸ்கட் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை, இரண்டாவது நாலு வருடம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, பாதி வளைவு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ரிசர்வ் டேங்கில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது, கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, நானும் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில், இன்ஜின் சூடாகும் முன்பே ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். மூடியைத் திறந்து வைத்து (இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது மட்டும்) ஸ்டார்ட் பண்ணினால் சோடா மாதிரி விடாமல் குமிழ் வரும். சிலிண்டர் காற்று தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது என்று அர்த்தம். ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள், எனக்கு அது கடைசிவரை மாறவே இல்லை.

முதல் மெக்கானிக் ஹெட்டை இறக்கி, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, புதுசை வைத்து, பழைய போல்ட்டையே முறுக்கிக் கொடுத்தார். ஏன் சூடேறியது என்று பார்க்கவில்லை. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அளவு மீறினால் ஹெட் வளைந்து கேஸ்கட்டின் பிடி விட்டுவிடும். என் வண்டியில் சூடேறக் காரணம் போர் தண்ணீர். கூலண்ட் இல்லாமல் அதையே ஊற்றி ஓட்டியதில் ரேடியேட்டர் பாதி உப்பு அடைத்திருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டு கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் எப்படி நிற்கும்?

இரண்டாவது மெக்கானிக் ஹெட்டைத் திருப்பிப் போட்டு, இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தாள்கள்) விட்டார். என் இன்ஜினுக்கு 0.05 மி.மீ. வளைவு வரைதான் தாங்கும், நடுவில் 0.15 தாள் சுலபமாக உள்ளே போனது. "சார், இதுல எந்தக் கேஸ்கட் போட்டாலும் நிக்காது" என்றார். லேத் பட்டறையில் முதலில் பிரஷர் டெஸ்ட், வெடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேஸிங் (ஹெட்டின் அடிமுகத்தைச் சீவிச் சமமாக்குவது). சில டீசல் ஹெட்டுக்குப் பேஸிங்கே கூடாது, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட் எடுத்தார். கேஸ்கட் ஓரத்தில் இருக்கும் வெட்டுகளை எண்ணினால் எந்தத் தடிமன் என்று தெரியும்.

போல்ட் எல்லாமே புதுசு, ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட் மறுபடி அதே பிடி தராது. போல்ட் துளைகளைக் காற்று அடித்துக் காய வைத்தார், உள்ளே ஆயிலோ தண்ணீரோ தேங்கி இருந்தால் முறுக்கும்போது பிளாக்கே வெடிக்கும். நடுவிலிருந்து வெளியே, வரிசைப்படி, டார்க் ரெஞ்சில் (எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) படிப்படியாக முறுக்கி, கடைசியில் டிகிரி கணக்கில் திருப்பினார். சீலண்ட் பசை ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றும் புதுசு. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

இப்போது பின்பக்க மூலையில் லேசாக ஆயில் கசிவு தெரிகிறது, துடைத்தால் ஒரு மாதம் தாங்கும். தண்ணீர் மட்டும் இறங்கவே இல்லை. போன மாதம் நாலு பேரோடு ஏசி போட்டு ஏற்காடு ஏறினேன், இருபதாவது வளைவிலும் முள் பாதியைத் தாண்டவில்லை.