ஆன்லைன் கையெழுத்தா, திங்கள்கிழமை மனுவா?

அத்தையின் வலது கால் கட்டைவிரல் கறுத்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. நான்கு மாதமாக அவர் சர்க்கரை மாத்திரை போடவில்லை. திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிப் பக்கம் வெள்ளிக்கிழமைதோறும் கூடுகிற ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். "மேல இருக்கவர நம்புதியா, மாத்திரைய நம்புதியான்னு கேட்டாவ எய்யா. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

அந்தக் குழு எந்த மதம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப்பேர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள், மீதிப்பேர் அதை மட்டும்தான் படிப்பார்கள். பட்டுத் தெரிந்துகொண்டது இது.

இன்னொரு வீட்டுக்கு இப்படி நடக்காமல் இருக்க என்னிடம் இரண்டு வழி இருந்தது. இணையத்தில் மனு தளம் ஒன்றில் கோரிக்கை போட்டுக் கையெழுத்துச் சேர்ப்பது ஒன்று. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் காகிதத்தில் மனு கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் செய்தேன். ஆன்லைனை முதலில் செய்ததுதான் தப்பு.

ஆன்லைன் மனுவின் வசதியை நீட்டி முழக்க வேண்டியதில்லை. காசு கிடையாது, பத்து நிமிட வேலை, துபாயில் இருக்கிற சித்தப்பா மகனும் கையெழுத்துப் போடலாம். "இந்தக் குழுவைத் தடை செய்க" என்று தலைப்பு வைத்தேன். அப்படி வைத்தால்தான் ஓடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓடியது. ஐந்து நாளில் எழுநூறு கையெழுத்து. அதில் எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அதிலும் நாலு பேர் என் வீட்டு ஆட்கள்.

மூன்றாம் நாளே கருத்துப் பகுதியில் மதச் சண்டை ஆரம்பித்துவிட்டது. எங்கிருந்தோ வந்தவர்கள் ஒருவர் சாமியை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். அத்தையின் விரல் அதில் காணாமல் போயிற்று. அதைவிட மோசம் அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. என் மனுவை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தார்களாம். "நம்மைத் துன்புறுத்துவார்கள் என்று முன்பே சொல்லவில்லையா?" என்று கேட்டார்களாம். கட்டுப்போட்ட காலோடு அங்கே போய் உட்கார்ந்திருந்த அத்தைதான் வந்து சொன்னார்.

இப்படிப்பட்ட மனு என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச் என்பது கான்சாஸ் மாநிலத்துச் சிறு குழு. ராணுவ வீரர்களின் இறுதிச் சடங்குகளுக்கு வெளியே வெறுப்பு வாசக அட்டைகளோடு நிற்பவர்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, இதை வெறுப்புக் குழு என்று சட்டப்படி அறிவிக்கச் சொல்லி வெள்ளை மாளிகையின் மனு தளத்தில் கோரிக்கை போட்டார்கள். பதில் பெற அப்போது 25,000 கையெழுத்து போதும். வந்ததோ 3 லட்சத்துக்கும் மேல். 2013 ஜூலையில் வந்த பதில், அப்படிப் பட்டியல் எதையும் அரசு வைத்துக்கொள்வதில்லை என்பதுதான். அந்தக் குழு அட்டை பிடிப்பது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று 2011-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. சட்டம் கொடுக்க முடியாததைக் கேட்டால் எத்தனை லட்சம் கையெழுத்து சேர்ந்தாலும் அவ்வளவுதான். ஆனாலும் அங்கே பதில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்ட ஓர் அலுவலகமாவது இருந்தது. என் ஆன்லைன் மனுவில் நான் முதலமைச்சர், கலெக்டர், எஸ்.பி. என்று ஆறு பேருக்கு முகவரி போட்டிருந்தேன். அதைத் திறந்து பார்க்க வேண்டிய கடமை அவர்களில் ஒருவருக்கும் கிடையாது.

சரி, காகித மனு. கலெக்டர் ஆபீஸ் வாசல் பக்கம் மேஜை போட்டு மனு எழுதித் தருகிற ஒருவரிடம் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்லக் கேட்டவர் பேனாவை மூடிவிட்டார். "தடை பண்ணணும்னு எழுதுனா இது எங்கயும் போவாது அண்ணாச்சி. எந்தத் தேதி, எந்த எடம், என்ன குடுத்தாவ, எவ்வளவு வாங்குனாவ, அதச் சொல்லுங்க" என்றார். என் பையில் அந்தக் குழு கொடுத்த ரோஸ் நிற நோட்டீஸ் இருந்தது. "சர்க்கரை, புற்றுநோய், குழந்தையின்மை, மருந்தில்லாமல் பூரண குணம்" என்று அதில் அச்சடித்திருந்தது. அடியில் அச்சகத்தின் பெயரும் இருந்தது. "இதத்தான மொதல்ல எடுத்துருக்கணும்!" என்றார்.

அவர் சொன்னது சரி. மத சுதந்திரம் தருகிற அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவே அதைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்கிறது. மந்திரம், தாயத்து போன்றவை நோய் தீர்க்கும் என்கிற மாயத் தீர்வு விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. சர்க்கரையும் புற்றுநோயும் அதன் அட்டவணையில் உள்ள நோய்கள். நோய் தீரும் என்று அந்தக் குழு கொடுத்த பாட்டில் தண்ணீர் 'மாயத் தீர்வு' ஆகுமா என்பதை நான் சொல்ல முடியாது, அது அதிகாரிகள் பார்க்க வேண்டியது. ஆனால் நம்பிக்கையைத் தொடாமல் நோட்டீசை மட்டும் தொட முடிந்தது. ஆன்லைனில் நான் எழுதியது அப்படியில்லை. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறு வழக்கும், 299-வது பிரிவில் மத உணர்வைப் புண்படுத்திய வழக்கும் என் மேலேயே போட முயன்றிருக்கலாம் என்று வக்கீல் நண்பர் சொன்ன அன்று இரவே தலைப்பை மாற்றினேன்.

காகிதத்தில் கையெழுத்து வாங்குவது லேசில்லை. நாற்பது வீடு ஏறி இறங்கினேன், ஒன்பது கையெழுத்து கிடைத்தது. ஒரு தாத்தா பெருவிரல் ரேகை வைத்தார். ஒரு அக்கா, "எம்மவனுக்குத் தெரியாண்டாம்யா" என்று சொல்லிக்கொண்டே போட்டார். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் கதவு எண் இருக்கிறது, விசாரணைக்கு வந்தால் வாசலில் நின்று பேசுவார்கள். எழுநூறில் அப்படி ஒருவரைக் காட்ட முடியுமா?

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப்பட்டது மனு எண்தான். திங்கள்கிழமை கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தந்தார்கள், அதில் ஓர் எண். எந்தத் துறைக்குப் போயிற்று என்று அந்த எண்ணை வைத்துக் கேட்கலாம். என் மனு மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் போலீசுக்கும் போயிருந்தது. சுகாதார ஆய்வாளர் ஒருநாள் வந்து அத்தையிடம் பேசினார். அப்புறம் இரண்டு மாதம் சத்தமே இல்லை. அப்போதும் அந்த எண்தான் கைகொடுத்தது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இந்த எண் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பின் நகல் தருக" என்று 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு 27-வது நாள் வந்தது. வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம் என்று அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். ஆன்லைன் மனுவில் ஏறுவதற்குப் படியே இல்லை. இன்னும் நூறு பேருக்குப் பகிருங்கள் என்று கேட்கும், அதை இன்னும் பலருக்குக் காட்டக் காசு கேட்கும்.

ஆன்லைன் என்றாலே வீண் என்று சொல்லவில்லை. அரசின் 'முதல்வரின் முகவரி' தளத்திலோ 1100 என்ற தொலைபேசி எண்ணிலோ கொடுத்தாலும் எண் கிடைக்கும். பிள்ளைகள் சம்பந்தப்பட்டிருந்தால் மனு, கையெழுத்து எதற்கும் காத்திருக்காமல் நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிட வேண்டும்.

காகித மனுவை ரொம்பவும் தூக்கிப் பிடிக்கவும் மனசு வரவில்லை. அதே கலெக்டர் ஆபீசில்தான் 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்தும் தீராமல் ஒரு குடும்பமே தீக்குளித்தது. மனு கொடுக்கப் போனால் வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். எண் கிடைத்தால் வேலை தானாக நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பின்னாலேயே நடக்கத் தெம்பும் நேரமும் வேண்டும்.

ஆன்லைன் மனு ஒரு விஷயத்தில் ஜெயித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் எனக்குச் செய்தி அனுப்பியது. அவர்கள் வீட்டிலும் இதே கதை, அதே வாசகத்தோடு மஞ்சள் நிற நோட்டீஸ். அதன் படத்தை என் காகித மனுவோடு இணைத்தேன். காகிதத்தால் அவர்களை நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது. இப்போது யாராவது கேட்டால், முதலில் காகிதம், எண் வந்த பிறகு ஆன்லைன், அதிலும் தலைப்பில் குழுவின் பெயருக்குப் பதில் நோட்டீஸ் வாசகம் என்றுதான் சொல்கிறேன். பள்ளிக்கூடம், கட்சித் தொடர்பு என்று செல்வாக்குள்ள பெரிய குழுவாக இருந்தால் இது எவ்வளவு தூரம் செல்லும் என்று எனக்கு அனுபவம் இல்லை. நான் மோதியது ஒரு தகரக் கொட்டகையோடு.

அந்தக் கொட்டகையில் கூட்டம் இன்னும் நடக்கிறது. புதிதாக அடித்த நோட்டீசில் நோய்ப் பெயர்கள் இல்லை, "மன அமைதி பெற வாரீர்" என்று மட்டும் இருக்கிறது. என் மனுவால்தான் மாறியதா, அச்சகக்காரர் பயந்தாரா தெரியாது. அத்தை காலையில் கஞ்சி குடித்ததும் மாத்திரை போட்டுக்கொள்கிறார். வெள்ளிக்கிழமையும் போட்டுவிட்டுத்தான் அங்கே கிளம்புகிறார். என் இரண்டு மனுவிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை.